பலகை நட்ட வயல்

எங்கள் பக்கத்து மண்ணைக் காப்பாற்ற அரசாங்கம் முதன்முதலில் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. ஜீப்பில் வந்தது. சேவூரைத் தாண்டிப் போகும் சாலையோரம் என் அக்கா வாக்கப்பட்ட வீட்டு நிலம். மாமா அப்போது உயிரோடு இருந்தார். வரப்போரம் வெட்டிவேர் நட்டால் மழைக்கு மண் அடித்துக்கொண்டு போகாது என்று சொல்லி ஒரு பெரிய கட்டு நாற்றை இறக்கினார்கள். ஜீப் நின்ற இடத்துக்கு நேரே ஒரு ஆள் நீளத்துக்கு நட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். மிச்சக் கட்டை வரப்பில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கட்டு அங்கேயே காய்ந்தது. நட்ட அந்த ஒரு ஆள் நீளம் மட்டும் பிழைத்துக்கொண்டது. அந்த ஆறடியில் இன்றுவரை மண் அரிப்பே கிடையாது. மற்ற இடத்தில் வழக்கம்போல அரிக்கிறது.

நான் விவசாயி இல்லை. ஆரணியில் பட்டுத் தறி ஓட்டுகிறவன். படிப்பு பத்தாவது. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு வாய் திறக்காது. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை என்பதால் அது என் பிழைப்பைக் கெடுத்ததில்லை. அக்கா நிலத்துக்கு நான் போய் வர ஆரம்பித்தது மாமா இறந்த பிறகுதான். டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். பிறகு மற்ற நாளிலும் போக வேண்டி வந்தது.

அக்கா பங்குக்கு முக்கால் ஏக்கர். கிணறு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. ஒரே மோட்டார், ஆளுக்கொரு தண்ணீர் முறை. அந்தக் கிணற்றுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொடர்ந்து இரண்டு போகம் நிலத்தைத் தரிசாக விட்டவர் தன் முறையை இழந்துவிடுவார். பக்கத்து வயல்காரர் அதை எடுத்துக்கொள்வார். இது எங்கும் எழுதி வைத்ததில்லை. பத்திரத்தில் கிணற்றுப் பங்கு அப்படியே இருக்கும், வாய்க்காலில் மட்டும் தண்ணீர் வராது. தண்ணீர் வராத நிலத்தை அப்புறம் யார் வாங்குவார்கள்? முறையை எடுத்துக்கொண்டவரேதான் வாங்குவார், அவர் சொல்கிற விலைக்கு.

அக்காவுக்குப் பக்கத்து வயல் அவள் கொழுந்தனுடையது. பெங்களூருக்குக் குடிபோன ஒரு பங்காளியின் முறை ஏற்கனவே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு முறைத் தண்ணீரை வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தார். காத்திருப்பதை மறைக்கவும் இல்லை. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா அண்ணி, இந்தப் போகம் இன்னா பண்ணப் போறீங்க?" என்று அக்கறையாகக் கேட்பார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் மழை சரியாக இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அக்காவின் முறைக்கு மோட்டார் போட்டால் வயலில் மூன்றில் ஒரு பங்கு நனைவதற்குள் காற்றை இழுக்கும். தையில் தொடங்கும் நவரைப் போகத்தை அவள் தரிசாக விட்டாள். அடுத்து வந்த சம்பாவையும் விட்டால் முறை போயிற்று. பிறகு நிலமும் போகும்.

அந்த நேரத்தில்தான் விவசாய ஆபீஸ்காரர் ஒருவர் டிவிஎஸ் ஐம்பதில் வந்தார். ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கும். அதில் எப்போதும் ஏதாவது ஒரு திட்டம் இருக்கும். இந்த முறை ஒற்றை நாற்று நடவு. பதினாலு நாள் நாற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எல்லாப் பக்கமும் பத்து அங்குலம் விட்டுச் சதுரமாக நட வேண்டும். தண்ணீர் கட்டி நிறுத்தக் கூடாது. நனைத்து, மண் லேசாக வெடிக்கும்வரை விட்டு, மறுபடி நனைக்க வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்றார். உருளை வைத்த களை வண்டி ஒன்றை இரண்டு திசையிலும் ஓட்டினால் களை சேற்றில் அமுங்கி உரமாகிவிடும். பாதித் தண்ணீர் போதும். வயலில் தண்ணீர் தேங்காததால் வானத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது என்றார். வானத்துக்கு எப்படி நல்லது என்று அக்கா கேட்டாள். அவர் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் தெரியவில்லை என்று புரிந்தது.

யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல யோசனை. யாருடைய கையில் அது சிக்கிக்கொண்டது என்பதுதான் விஷயம்.

விதை, முடிச்சுப் போட்ட அளவுக் கயிறு, களை வண்டி, நுண்ணுயிர் உரப் பொட்டலம் எல்லாம் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, நிலம் ரோட்டோரம் இருக்க வேண்டும். அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. வயலுக்கு முதுகைக் காட்டி நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தென்னமரத்தாண்ட ஜீப் நிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா பெயரை எழுதிக்கொண்டார். மறுவாரமே மஞ்சள் பலகை வந்தது. இரண்டு இரும்புக் கால், மேலே அரசு முத்திரை, கீழே 'செயல்விளக்கத் திடல்'. விதைக்கு முன்னால் பலகை வந்தது. விதை வந்தது. உரப் பொட்டலம் வந்தது. கயிறு வரவில்லை.

நாற்று பதினாலு நாளில் கயிறு வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்காது. பன்னிரண்டாம் நாள் ஆபீசுக்குப் போன் போட்டோம். மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். பதிமூன்றாம் நாள் காலையில் அக்கா பஸ் ஏறி என் தறிக்கே வந்துவிட்டாள். தறியில் நெடுக்கே ஓடும் பாவில் ஆயிரக்கணக்கான இழையை இடம் மாறாமல் கட்டுகிறவனுக்கு ஒரு கயிற்றில் முடிச்சுப் போட வராதா என்று கேட்டாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடையில் நைலான் கயிறு வாங்கினேன். பாவுக்குச் செய்வதுபோலவே தெருவில் இரண்டு முளை அடித்து, பக்கத்து வீட்டுக்காரரும் நானுமாக இழுத்துக் கட்டினோம். பட்டுப் பாவு தொங்கக் கூடாது. தொங்கினால் தறியில் உட்கார்ந்தவன் அழுவான். அதே பழக்கத்தில் இந்தக் கயிற்றையும் விண்ணென்று இழுத்தோம். விரலால் சுண்டினால் சத்தம் வந்தது. பத்து அங்குலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டு இழையை முடிந்தேன். ஒரு முடிச்சு கூட முன்னே பின்னே இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நடவுக்கு வந்த பெண்கள் அந்த நாற்றைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கொத்துக் கொத்தாக நட்டுப் பழகின கை அவர்களுடையது. அவர்களைக் கூட்டிவந்த அம்மாள் ஒரு நாற்றை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "பால்குடி மறக்காத புள்ளயக் கட்டிக் குடுத்துட்டு, அதுவும் ஒண்டியா தனிக்குடித்தனம் வெக்கச் சொல்றீங்களே, நல்லா கீதாம்மா?" என்றாள். அக்காவும் சிரித்தாள். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் கயிற்றைப் பிடிக்க, முடிச்சுக்கு ஒரு நாற்று வைத்தார்கள். ஒரு வரிசை முடிந்ததும் பத்து அங்குலக் குச்சியை வைத்துக் கயிற்றை நகர்த்தினார்கள். சாயங்காலம் பார்த்தால் வயலில் ஒன்றுமே நட்டது போலத் தெரியவில்லை. கொழுந்தன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, நட்டாயிற்றா, இனிமேல்தானா என்று கேட்டார்.

களை வண்டி மூன்று ஊருக்கு ஒன்றாம். எங்களுக்கு வந்தபோது பயிருக்கு வேர் பிடித்துக் களைக்கும் வேர் பிடித்திருந்தது. நான்தான் தள்ளினேன். கயிறு போன திசையில் வண்டி ஜோராகப் போயிற்று. குறுக்கே திருப்பினால் போகவில்லை. உருளை இரண்டு பக்கமும் பயிரை உரசியது, இரண்டு தூரைப் பிய்த்தே எடுத்துவிட்டது. டேப் வைத்து அளந்தேன். குச்சி வைத்துத் தள்ளின பக்கம் சரியாகப் பத்து அங்குலம். முடிச்சுக்கு முடிச்சு ஒன்பது கூட இல்லை.

நைலான் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தெருவில் இரண்டு ஆம்பிளைகள் மூச்சைப் பிடித்து இழுத்த இழுப்பில் முடிச்சுப் போட்டிருந்தேன். வயலில் இரண்டு பெண்கள் துணி காயப்போடும் கொடியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்கள். என் பத்து அங்குலம் என் தெருவிலேயே இருந்துவிட்டது. பட்டு இழையை இருபது வருஷம் கையில் வைத்திருந்தவனுக்கு நைலானைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

கொழுந்தனுக்கு அன்றைக்கு நல்ல பொழுது. "மச்சான், இது வயலா, பொடவையா? ஒரு பக்கம் பாவு மாதிரி நெருக்கிக்கீறீங்க, ஒரு பக்கம் ஊடை மாதிரி விட்டுக்கீறீங்க. முந்தானை எந்தப் பக்கம்?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.  எனக்குப் பதில் ராத்திரி படுத்தபிறகு வந்தது, வழக்கம்போல.

அக்கா என்னைத் திட்டவில்லை. வண்டி போகாத பக்கத்தைக் கையால் களை எடுத்தாள், குனிந்த முதுகோடு ஒன்பது நாள். தன் முறை வரும்போது வயலை நனைப்பாள், மண் கீறல் விடும்வரை விடுவாள், மறுபடி நனைப்பாள். இருந்த தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஒற்றை நாற்று தூர் கட்டியது. ஐப்பசி கடைசியில் ஒரு தூரை எண்ணினேன், முப்பதுக்கு மேல் சிம்பு கிளைத்திருந்தது. தனிக்குடித்தனம் கேலி பேசின அம்மாளே வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தாள்.

கார்த்திகையில் பெரிய ஆபீசர் வருவதாக ஏற்பாடு. முதல் நாள் மத்தியானம் டிவிஎஸ் ஐம்பது வந்தது. பையிலிருந்து டேப்பை எடுத்து அவர் அளந்தார். ஒரு பக்கம் அளந்தார், மறு பக்கம் அளந்தார், மறுபடி அளந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாம்மா இது, சதுரமா இல்லியே. நீட்டுச் சதுரமா கீது."

கயிறு அனுப்பாதது அவர்கள் என்று அக்கா சொன்னாள். அது வேறு செக்‌ஷன் என்றார். பயிரைப் பாருங்கள் சார் என்றாள். பயிர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திட்டம் சதுர நடவு என்று இருக்கிறது, டேப் வைத்தால் என் கதி என்ன என்றார். பயிருக்கும் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அவ்வளவு சுத்தமாக வேறு யாரும் எனக்கு விளக்கினதில்லை.

பிறகு அவர் கண் பக்கத்து வயலுக்குப் போயிற்று. கொழுந்தன் இரண்டு முறைத் தண்ணீரையும் திறந்துவிட்டுக் கணுக்கால் ஆழம் நிறுத்தியிருந்தார். வழக்கமான கொத்து நடவு. அதில் சதுரமும் இல்லை, நீட்டுச் சதுரமும் இல்லை, ஒரு வரிசையும் இல்லை. ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் நெருக்கமாக, பச்சையாக இருந்தது. டேப் வைக்கவும் முடியாது, ஏனென்றால் எங்கிருந்து எங்கே வைப்பது?

கொழுந்தனோடு ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு வந்து என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தப் பலகைய மட்டும் கொஞ்சம் புடுங்கி அந்தாண்ட நட்டுடுங்களேன். ஜல்தியா."

நான் நட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. முடியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும், அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. கடப்பாரையால் கிளறி இரண்டு காலையும் பிடுங்கி, தோளில் வைத்து வரப்பு தாண்டி, கொழுந்தன் காட்டின இடத்தில் குழி தோண்டி, நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

மறுநாள் ஜீப் சரியாகத் தென்னைமரத்தடியில் நின்றது. பெரிய ஆபீசர் பாலிஷ் போட்ட ஷூ போட்டிருந்தார். அது ரோட்டை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே எத்தனை நாள் நாற்று என்று கேட்டார். கொழுந்தன் பதினாலு நாள் என்றார். தண்ணீர் எப்படி என்று கேட்டார். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டே கொழுந்தன் சொன்னார்: "காய்ச்சலும் பாய்ச்சலும் சார்."

பெரிய ஆபீசர் தலையாட்டினார். கையைத் தட்டினார்கள். கொழுந்தனுக்குத் துண்டு போர்த்தினார்கள், முன்னோடி விவசாயி என்றார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்பில் டீ ஊற்றிக் கொடுத்தது நான். கொழுந்தனுக்கும் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்றார்.

தை மாதம் அறுவடை ஆயிற்று. அக்காவுக்குக் கண்ட நெல் அந்த வறட்சியில் யாரும் எதிர்பார்க்காதது. அவளுடைய ஒரு முறைத் தண்ணீரில் வந்தது அது. அந்த நெல்லோடு பேச்சு முடிந்தது, முறை பிழைத்தது என்றுதான் நான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து நவரைக்கு முறை பிரிக்கப் பங்காளிகள் மோட்டார் கொட்டகையில் கூடினார்கள். பெங்களூர்க்காரரைத் தவிர்த்து நாலு பங்கு, அக்காவோடு சேர்த்து. நான் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கிராமக் கணக்கில் யார் என்ன பயிர் செய்தார்கள் என்று எழுதும் அடங்கலின் நகல். அக்காவின் சர்வே நம்பருக்கு எதிரே 'தரிசு' என்று இருந்தது. பிறகுதான் நடந்தது தெரிந்தது. பலகை இடம் மாறியதும் ஆபீஸ் பட்டியலில் அக்கா நம்பரை அடித்துவிட்டுக் கொழுந்தன் நம்பரை எழுதியிருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர் வயலுக்கு வராமல் அந்தப் பட்டியலை வாங்கி, அடித்திருந்த நம்பருக்கெல்லாம் தரிசு என்று எழுதிவிட்டார். நடந்து வந்தால் பத்து நிமிஷம்.

"போன நவரை தரிசு. இந்தச் சம்பாவும் தரிசு. நான் சொல்லல அண்ணி, பேப்பர் சொல்லுது" என்றார் கொழுந்தன்.

அக்கா மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "எங்க கதிர அறுத்தது உங்க வூட்டுப் பொம்பளைங்கதான?"

ஆமாம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். "நாங்க இல்லன்னு சொல்லலம்மா. கண்ணால பாத்தோம். ஆனா கவர்மெண்ட்டு பேப்பருன்னு ஒண்ணு கீது பாரு." இன்னொருவர் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் புதிதாகப் பார்ப்பதுபோல. காரணம் எனக்குத் தெரியும். முன்னோடி விவசாயி மூலமாக இந்தக் கிணற்றுக்கு மானியத்தில் பைப் வருவதாக இருந்தது. தண்ணீர் சிந்தாமல் கடைசி வயல்வரை போகும் பைப். அதற்காக, தன் பெண்டாட்டி கதிர் அறுத்த வயலையே தரிசு என்று ஒப்புக்கொள்ள இரண்டு பேர் தயாராக இருந்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பலகையப் புடுங்கனது யாரு? சொல்லு."

  பலகையைத் தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டினது ஞாபகம் வந்தது, அது இதைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லையே என்று தோன்றியது.

"நான்தான்" என்றேன். "இந்த வயல்லேர்ந்து புடுங்கி அந்த வயல்ல நட்டேன். ஒத்த நாத்து இங்கதான் நட்டது. ஷூ போட்டுகினு வந்தாரே, அவரு ஆபீசு வேலூர்ல இருந்தாலும் சரி, மெட்ராஸ்ல இருந்தாலும் சரி, நான் போய் இதையே சொல்றேன். எழுதியும் குடுக்கறேன்."

 மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. நான் போய்ச் சொன்னால் துண்டு போகும், அது கொழுந்தன் பாடு. பைப்பும் போகும், அது எல்லார் பாடு. மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் முதலில் திரும்பினார். "அவுங்க முறை அவுங்களுக்கே இருக்கட்டும். இதுக்குப் போய் பேஜார் பண்ணிகினு" என்றார். மற்றவரும் அதைத்தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கொழுந்தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

நியாயம் ஜெயித்ததாக எனக்கு ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. பைப்புக்காக அவளை விற்க இருந்தார்கள், அதே பைப்புக்காக விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள், அந்தப் பேச்சைக் கார்த்திகையிலேயே பேசுவதற்கென்ன என்று. 

அந்த நவரைக்கும் அவள் ஒற்றை நாற்றே நட்டாள், எந்தத் திட்டமும் இல்லாமல். கயிற்றை இந்த முறை வயலிலேயே, அந்தப் பெண்கள் இரண்டு பேரையும் அவர்கள் பிடிக்கிறபடியே பிடிக்கச் சொல்லி, முடிந்தேன். களை வண்டி ஒன்றை வந்தவாசிப் பக்கம் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கினோம். இரண்டு பக்கமும் போயிற்று.

நடவு நடந்துகொண்டிருந்தபோது டிவிஎஸ் ஐம்பது வந்து நின்றது. பையில் புதுத் திட்டம், மண்புழு உரத் தொட்டி. சிமெண்ட், புழு எல்லாம் இலவசம். நடந்த எதையும் அவர் நினைவில் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, தொட்டி ரோட்டோரம் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

அக்கா நிமிரவில்லை. அடுத்த முடிச்சுக்கு ஒரு நாற்றை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ரோட்டோரம்தான சார் வேணும்? ரோட்லயே கட்டிக்கோங்க."

கயிறு பிடித்திருந்த பெண்கள் சிரித்ததில் கயிறு ஆடியது. அவர் வண்டியைக் கிளப்பிக் கொழுந்தன் வயல் பக்கம் திருப்பினார். பலகை அங்கேதானே நின்றது.